அப்பாவின் முகம் சிவந்தது குடியால் அல்ல

கண்ணு,

போன சனிக்கிழமை நீ போனில் அழுததிலிருந்து எனக்கு இங்கே ஒரு வேலையும் ஓடவில்லை. கல்யாணத்துக்கு யார் யாரைக் கூப்பிடுவது என்று கேட்கத்தான் நீ பேசினாய். பேச்சு எங்கேயோ போய்த் திடீரென்று, "நான் சொன்ன வார்த்தைதாம்மா அப்பாவக் கொன்னுருச்சு. அன்னைக்கு நான் அப்புடிப் பேசலீன்னா அவரு மனசு விட்டிருக்க மாட்டாரு, நேரத்துல ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாரு. இப்ப அவரில்லாம நான் மட்டும் மாலையப் போட்டுட்டு நிக்கறதா?" என்றாய். நான், "அப்புடியெல்லாம் நெனைக்காத சாமி" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அதற்கு மேல் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. அதை இரண்டு வருஷமாக விழுங்கிக்கொண்டிருக்கிறேன். நேரில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. போனில் சொன்னால் நடுவில் நீ ஏதாவது கேட்பாய், நான் உடனே என் பக்க நியாயத்தைப் பேச ஆரம்பித்துவிடுவேன். என்னை உனக்குத் தெரியும். முப்பது வருஷத்துக்கு மேல் பிள்ளைகளைக் கட்டுரை எழுத வைத்த வாத்தியாரம்மா, தனக்கென்று இப்போதுதான் ஒன்று எழுத உட்கார்ந்திருக்கிறேன். கடைசிவரை படி. படித்துவிட்டு எஸ்தரிடமும் கொடு. நம் குடும்பத்துக்குள் வரப்போகிற பெண், அவளுக்கு இது தெரியாமல் இருக்கக் கூடாது.

நீ கோயமுத்தூரில் காலேஜில் சேர்ந்த வருஷம்தான் அப்பாவின் முகம் முதலில் சிவந்தது. குன்னூருக்கு மேலே எஸ்டேட் ஃபேக்டரியில் அவர் தேயிலைத் தயாரிப்பைப் பார்க்கும் டீ மேக்கர், நான் கீழே மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர், இரண்டுக்கும் நடுவில் நம் குவார்ட்டர்ஸ். இந்தக் குளிரில் கன்னம் சிவக்காதவர்கள் யார்? "ஏனுங்க, வயசாக வயசாக ஊட்டி ஆப்பிளாட்டம் ஆயிட்டு வர்றீங்களே" என்று கேலி செய்தேன். அவரும் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். கழுத்திலிருந்து ஏறும், இரண்டு மூன்று நிமிஷம் நிற்கும், அடங்கிவிடும். கூடவே வயிறும் சரியில்லை. ஒரு ஷிஃப்டில் நான்கு தடவை ஓடுவாராம், ஃபேக்டரியில் அதை வைத்துத் தனியாக ஒரு சிரிப்பு. நான் ஓமத் தண்ணி வைத்துக் கொடுத்தேன், மிளகாயைக் குறைத்தேன், பாலை நிறுத்தினேன். வயிற்றையும் முகத்தையும் சேர்த்து யோசிக்க எனக்குத் தோன்றவில்லை. வயிறு என் சமையலின் குறை, முகம் குளிரின் வேலை, அவ்வளவுதான்.

என் அப்பா குடித்தவர். இதை நான் உனக்கு அரைகுறையாகத்தான் சொல்லியிருக்கிறேன். சாயங்காலம் அவர் படியேறும்போது முகத்தைப் பார்த்தே இன்றைக்கு எவ்வளவு என்று எனக்கும் என் தங்கச்சிக்கும் தெரியும். அதைப் பார்த்துத்தான் எப்போது ஒளிந்துகொள்வது என்று முடிவு செய்வோம். அப்படி வளர்ந்ததால் குடித்த முகம் எது என்று உலகத்திலேயே எனக்குத்தான் நன்றாகத் தெரியும் என்று ஒரு திமிர் எனக்குள் இருந்தது. அந்தத் திமிரை நான் அனுபவம் என்று சொல்லிக்கொண்டேன்.

நம் சர்ச்சில் மாதத்தின் முதல் ஞாயிறு அப்பமும் ரசமும் கொடுக்கும் திருவிருந்து, உனக்குத் தெரியும். அதற்கான திராட்சரசத்தைப் பெண்கள் சங்கத்துக்காக வருஷா வருஷம் நான்தான் போட்டேன். மேட்டுப்பாளையத்திலிருந்து பழம் வரும், கழுவி, பிசைந்து, சர்க்கரை சேர்த்து, பெரிய பீங்கான் ஜாடியில் துணி கட்டிப் புளிக்க வைப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா முழங்கால் போட்டுப் பாத்திரத்தில் ஒரு வாய் குடித்துவிட்டு வந்து ஆண்கள் பக்கம் உட்கார்ந்தார். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் முகம் கழுத்திலிருந்து குப்பென்று சிவந்தது. பெண்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும். அடுத்த மாதமும் அப்படியே. ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் கமிட்டி அம்மா ஒருத்தர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க, சாரு கோயிலுக்கே போட்டுட்டு வர்றாருங்களா?" என்று கேட்டார். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. ஒரு வாய் ரசத்தில் யாருக்கும் முகம் சிவக்காது, வீட்டிலேயே ஊற்றிக்கொண்டுதான் வந்திருக்கிறார் என்று அந்த நிமிஷமே முடிவு கட்டினேன். வீட்டில் எங்கே இருக்கிறது? என் ஜாடியில்.

அன்றைக்கே ஜாடிக்குள் கரண்டிக் காம்பை விட்டு அளந்தேன். நான் ஊற்றி வைத்ததைவிட இரண்டு விரற்கடை குறைந்திருந்தது. அவரைக் கூப்பிட்டு நிற்க வைத்துக் கேட்டேன். "நான் தொட்டதே இல்லை, டீச்சரம்மா" என்றார். அவர் என்னைச் சீண்டும்போதும் அப்படித்தான் கூப்பிடுவார், கெஞ்சும்போதும் அப்படித்தான். நான் கேட்கக் கேட்க அவர் முகம் சிவந்தது. குரலை உயர்த்த உயர்த்த இன்னும் சிவந்தது. பார், பொய் சொல்கிறவன் முகம் எப்படிக் காட்டிக்கொடுக்கிறது என்று நினைத்தேன். பைபிள் மேல் கையை வைத்தார். "அதையும் அசிங்கப்படுத்தாதீங்க" என்று பிடுங்கி வைத்தேன். அதன் பிறகு திருவிருந்துக்கு எழுந்து போக வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆண்கள் எல்லாரும் வரிசையாக முன்னால் போகும்போது அவர் மட்டும் பெஞ்சில் தனியாக உட்கார்ந்து பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். நீ லீவில் வந்தபோது அதைப் பார்த்துவிட்டு ஏன் என்று கேட்டாய். "உங்கப்பா குடிக்கறாரு" என்றேன். "நான் நினைக்கிறேன்" என்றுகூடச் சொல்லவில்லை.

உன் பட்டமளிப்பு விழாவுக்கு அவர் ஃபேக்டரியில் லீவு எழுதிக்கொடுத்துவிட்டு, சட்டையை அவரே தேய்த்து நாற்காலியில் மாட்டி வைத்திருந்தார். நீ வாசலில் நின்று, "நீங்க வர வேண்டாம். இந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு எங்க காலேஜுல வந்து என்னை அசிங்கப்படுத்தாதீங்க" என்றாய். அவர் லீவை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். இந்த வார்த்தையைத்தான் நீ இத்தனை வருஷம் சுமக்கிறாய். அந்த வார்த்தை தப்புத்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வார்த்தையை உன் வாயில் வைத்தது யார் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. பக்கத்தில் நின்றேனே, "அப்பாவை அப்படிப் பேசாதே" என்று நான் சொன்னேனா? மனதுக்குள், சரியாகத்தான் கேட்டான் என்று நினைத்தேன்.

இனி எழுதப்போவது உனக்குத் தெரியாது. நீ அப்படிப் பேசியதால் அப்பா மனசு விட்டு டாக்டரிடம் போகாமல் இருந்துவிட்டார் என்று நம்புகிறாய். நடந்தது நேர்மாறு. மறுநாளே எஸ்டேட் டிஸ்பென்சரிக்குப் போனார். அங்கே வாரத்துக்கு இரண்டு நாள் வரும் டாக்டரிடம், "என்னமோ இருக்குதுங்க, நல்லாப் பாருங்க. பையன் முன்னால நிக்க முடியலீங்க" என்று சொல்லியிருக்கிறார். நீ பேசியதுதான் அவரை அங்கே கொண்டுபோய் விட்டது. டாக்டர் கெட்டிக்காரர். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்த என்னை வழியில் நிறுத்தி உள்ளே கூப்பிட்டார். "டீச்சர், சாருக்கு வயித்துப்போக்கும் இருக்குது, முகமும் அடிக்கடி செவக்குதுங்கறார். கோயமுத்தூருல ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்தறலாம், எழுதித் தர்றேன்" என்றார். பாதி எழுதியும் இருந்தார். நான் கதவைச் சாத்திவிட்டு, "டாக்டர், அவரு உங்ககிட்டச் சொல்லியிருக்க மாட்டாருங்க. அவரு குடிக்கறாருங்க. ஸ்கேனுன்னு அனுப்பிச்சா மலை எறங்கினதும் கடையிலதான் நிப்பாரு" என்றேன். டாக்டர் என்னை ஒரு தடவை பார்த்தார். படித்த பெண், சர்ச்சுக்குப் போகிறவள், சொந்தப் புருஷனைப் பற்றி இப்படிச் சொல்கிறாள் என்றால் உண்மையாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பார். எழுதிய காகிதத்தை மடித்து மேஜைக்குள் போட்டுவிட்டு, அப்பாவின் அட்டையில் குடிப்பழக்கம் என்று ஒரு வரி எழுதினார். அதற்கப்புறம் அப்பா எப்போது போனாலும் ஈரலுக்கு மாத்திரையும் குடியை விடச் சொல்லி அறிவுரையும்தான் கிடைத்தன.

இதைவிட மோசமானதும் ஒன்று இருக்கிறது. அந்த வருஷம் திராட்சரசம் போட்டபோது ஜாடியை ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டிச் சாவியை என் தாலிச் சங்கிலியிலேயே கோத்துக்கொண்டேன். கிறிஸ்துமஸுக்கு முன்னால் திறந்து கரண்டிக் காம்பை விட்டால், அதே இரண்டு விரற்கடை குறைந்திருந்தது. பழச்சக்கை நுரைத்து எழும்பி, பிறகு அடங்கிக் கீழே உட்கார்ந்தால் அளவு தானாகவே இறங்கும் போலிருக்கிறது. அந்த ஸ்டோர் ரூமில் கரண்டியோடு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. அன்றைக்கே டாக்டரிடம் ஓடியிருக்க வேண்டும். உனக்குப் போன் போட்டிருக்க வேண்டும். அவர் காலில் விழுந்திருக்க வேண்டும். நான் கரண்டியைக் கழுவி மாட்டிவிட்டு வந்துவிட்டேன். ஜாடியில் இல்லையென்றால் வெளியே குடிக்கிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் உள்ளுக்குள் எனக்குத் தெரிந்துவிட்டது, கண்ணு. தெரியாமல் செய்த தப்புக்கு ஒரு எல்லை உண்டு. அன்றிலிருந்து நான் செய்ததெல்லாம் தெரிந்தே செய்தது.

இன்னும் இரண்டு வருஷம் அப்படியே போனது. ஃபேக்டரியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்த பிறகுதான் ஜீப்பில் போட்டுக் கோயமுத்தூருக்கு இறக்கினோம். குடல் அடைத்துக்கொண்டிருந்தது. நீ பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாய். உன் வயசுதான் இருக்கும், ஒரு பெண் டாக்டர் வந்து, "ஐயாவுக்கு முகம் திடீர்னு செவக்குமாங்க?" என்று கேட்டாள். நான் முந்திக்கொண்டு, "குடிப்பாருங்க" என்றேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை, அவரைப் பார்த்தாள். "நான் குடிச்சதே இல்லீங்கம்மா" என்றார் அப்பா. "சரிங்கய்யா" என்று சொல்லிவிட்டு அவள் அப்படியே எழுதிக்கொண்டாள். அவ்வளவுதான். யாரோ பெற்ற பெண் ஒரு நிமிஷத்தில் நம்பியதை, அவரோடு இத்தனை வருஷம் படுத்து எழுந்த நான் நம்பவில்லை. அறுத்து எடுத்த கட்டியைச் சோதித்துவிட்டு, சிறுகுடலில் ஹார்மோன் சுரக்கும் செல்லிலிருந்து வரும் அபூர்வமான கட்டி என்றார்கள். ஈரலிலும் பரவியிருந்தது. ஒரு முழுநாள் சிறுநீரைக் கேனில் பிடித்துக் கொடுக்கச் சொன்னார்கள், அதற்கு முன்னால் வாழைப்பழம் சாப்பிடக் கூடாது என்றார்கள். "நல்லவேளை, திராட்சையச் சொல்லலை, டீச்சரம்மா" என்றார். நர்ஸுக்குப் புரியவில்லை. நான் வெளியே போய்விட்டேன்.

அதற்கப்புறம்தான் நீ இந்தக் குடல் ஆராய்ச்சிக்குள் போனாய். முதல் வருஷம் லீவில் வந்து சமையலறையில் கீரையை ஆய்ந்துகொண்டே எனக்குப் புரிய வைத்தாய். "நம்ம எஸ்டேட்டுல கொழுந்து பறிக்கற ரவுண்டு மாதிரிதாம்மா. குடலோட உள்தோலு நாலஞ்சு நாளைக்கு ஒருக்கா உதுந்து புதுசா வந்துக்கிட்டே இருக்கும். அதுல கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் குழி. குழியோட அடியில ஸ்டெம் செல்லுங்க. செடி எடத்த விட்டு அசையாது, கொழுந்துதான் வந்து வந்து போகும்." அந்த அடிச்செல்லிலிருந்து பிறப்பவை மேலே ஏறும்போதே ஒவ்வொன்றும் ஒரு வேலையை எடுத்துக்கொள்ளும், பெரும்பாலானவை சாப்பாட்டை உறிஞ்சும், சில சளி போன்ற வழவழப்பைச் சுரக்கும், மிகச் சில மட்டும் ஹார்மோன் சுரக்கும் என்றாய். அப்பாவின் கட்டிக்கு அந்த ஹார்மோன் செல்லின் சாயல்தான். ஆனால் பிரிவதை நிறுத்திவிட்ட அந்தச் செல்லே மறுபடி பிரியத் தொடங்கியதா, இல்லை கீழே குழியில் இருந்த ஸ்டெம் செல் வழி தவறியதா, இல்லை காயம் பட்டால் மட்டும் எழுந்து வேலை செய்வதற்காக ஓரமாகச் சும்மா இருக்கும் செல்களில் ஒன்றா, இன்னும் யாருக்கும் உறுதியாகத் தெரியாது என்றாய். அதைக் கண்டுபிடிக்கத்தான் கிண்ணத்தில் கடுகளவு குடலை வளர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். கட்டி ஈரலுக்குப் போன பிறகு ஹார்மோன் நேராக ரத்தத்தில் கலந்துவிடும், அதனால்தான் முகம் சிவக்கிறது, ஒரு வாய் மதுகூடப் போதும் என்றாய். நான், "திட்டு வாங்குனாக்கூடச் செவக்குமா?" என்று கேட்டேன். கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஆமாம்மா, மனசு பதறுனா உடனே ஏறும்" என்றாய். நான் ஏன் கேட்டேன் என்று நீ கேட்கவில்லை. பின்கட்டுக்குப் போய், ஏற்கெனவே கழுவி வைத்திருந்த பாத்திரங்களை எல்லாம் மறுபடி கழுவினேன்.

எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று நீ ஒன்று சொன்னாய். முகம் சிவக்கிற நேரத்திலேயே பெரும்பாலும் ஈரலுக்குப் போயிருக்கும், முன்னாடியே பார்த்திருந்தாலும் முழுசாகக் குணமாக்கியிருக்க முடியாது என்று. ஆனால் மாதம் ஒரு ஊசி போட்ட பிறகு அவர் முகம் தெளிந்ததையும், வயிறு அடங்கியதையும், மூன்று வருஷம் மனுஷனாக நடமாடியதையும் நாம் இரண்டு பேரும் பார்த்தோம். கடைசியில் அவரைக் கொண்டுபோனது கட்டிகூட இல்லை, அந்த ஹார்மோன் வருஷக்கணக்காகப் பட்டுப் பட்டுத் தடித்துப்போன இதய வால்வு. அந்த ஊசியை இரண்டு வருஷம் முன்னாலேயே போட்டிருந்தால்? இதை உன்னிடம் கேட்க எனக்குப் பயம். நீ விஞ்ஞானி, பொய் சொல்ல மாட்டாய். கட்டி எங்கிருந்து தொடங்கியது என்று நீ தேடு, நிச்சயம் கண்டுபிடிப்பாய். அது உன் பாவத்திலிருந்து தொடங்கவில்லை. தாமதம் எங்கிருந்து தொடங்கியது என்று நீ தேட வேண்டியதில்லை, அதை நான் சொல்லிவிட்டேன்.

நாளைக்கு எஸ்தர் உன்னிடம், எனக்கு ஒருமாதிரி இருக்கிறது என்று சொன்னால், அவள் என்ன சொல்கிறாளோ அதை அவள் சொன்ன மாதிரியே கேள். உன் படிப்பை நடுவில் கொண்டுவராதே. அவளைப் பற்றி வேறு ஒருவரிடம், அது டாக்டராக இருந்தாலும், அவள் இல்லாத இடத்தில் கதவைச் சாத்திவிட்டுப் பேசாதே. தப்பாக நினைத்துவிட்டாய் என்று தெரிந்த அன்றைக்கே வாயைத் திற. அவமானமாக இருக்கும், இருக்கட்டும். எனக்கு ஒருநாள் அவமானமாக இருந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அவருக்கு இவ்வளவும் நடந்தது.

கடைசித் தடவை வார்டில் இருந்தபோது, நீ மருந்து வாங்கக் கீழே போயிருந்தாய். நல்ல வெயில், ஜன்னல் பக்கம் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தார். இனி விட்டால் முடியாது என்று நான் டிஸ்பென்சரிப் பேச்சை எடுத்தேன். "டாக்டர் உங்கள ஸ்கேனுக்கு அனுப்பறேன்னப்ப, நான் போயி..." என்று ஆரம்பித்தேன். கையைத் தூக்கி நிறுத்தினார். "தெரியும், டீச்சரம்மா. அடுத்த வாரம் மாத்திரைக்குப் போனப்பவே அட்டைய மேசை மேல பாத்தேன். அதச் சொல்றதுக்கு வேற ஆரு இருக்கறாங்க?" என்றார். ஐந்து வருஷம் தெரிந்தே என் கையால் சாப்பிட்டிருக்கிறார். "ஏனுங்க என்னைக் கேக்கல?" என்றேன். "கேட்டா என்னாயிருக்கும்? நீ என்னை நம்பலீன்னு எனக்குத் தெரியும். அத உன் வாயால இன்னொருக்கா கேக்கோணுமா?" என்றார். பிறகு, "பையங்கிட்ட இதச் சொல்லிப்போடாத. எம்மேல இருந்த கோபம் அவனுக்குப் போயிருச்சு. இனி உம்மேல ஒண்ணு வேண்டாம்" என்றார்.

அவருக்கு ஒன்று தெரியாது. உன் கோபம் எங்கும் போகவில்லை, அதை நீ உன்மேலேயே திருப்பிக்கொண்டாய். எனக்குத் தெரியும். ஒவ்வொரு தடவை நீ அழும்போதும் தெரிந்தது. அவர் சொல்லைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லிக்கொண்டு, என் பாரத்தை இரண்டு வருஷம் உன் தலையில் வைத்து நடக்க விட்டேன். அது எனக்கு வசதியாக இருந்தது, அதுதான் உண்மை. உயிரோடு இருந்தபோது அவர் சொன்ன ஒரு பேச்சையும் நான் நம்பவில்லை. அவர் கடைசியாகக் கேட்டுக்கொண்டதையும் இன்றைக்கு மீறுகிறேன். ஆனால் நீ அந்த மாலையைக் குனியாத தலையோடு போட்டுக்கொள்ள வேண்டும், அதற்கு எனக்கு வேறு வழி தெரியவில்லை.

மன்னித்துவிடு என்று எழுத மாட்டேன். அதைக் கேட்க வேண்டிய இடம் வேறு, அங்கே இப்போது ஆள் இல்லை. உன்னிடம் கேட்பது ஒன்றுதான். உன் கல்யாணத்துக்கு நான் வரட்டுமா?

அம்மா